ராத்தாவின் பழைய எண்

அந்தப் பெண்ணையும் அவளுடைய மகளையும் நாங்கள் ஒளித்து வைத்திருந்த வீடு, மாத்தளையிலிருந்து நாவுலவுக்குப் போகும் பாதையில் இருக்கிறது. ஊரின் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.

நான் எல்கடுவவில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். சிங்களமும் தமிழும் தடங்கலில்லாமல் பேசுவேன் என்பதால் மாத்தளை நகரத்தில் ஒரு சிறிய அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவுவதுதான் அங்கே வேலை. பொலிஸில் முறைப்பாடு கொடுக்கக் கூடப் போவோம், வைத்தியசாலையில் காத்திருப்போம், நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்போம். அலுவலகம் என்றால் இரண்டு மேசை, ஓர் இரும்பு அலுமாரி, நான், மெடம். மெடம் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க உத்தியோகத்தில் மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, ஓய்வு பெற்ற பின்னும் திரும்பிப் போகாதவர்.

வீட்டுக்குப் போகவே முடியாத நிலையில் வரும் பெண்களைத் தங்க வைக்க எங்களுக்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அது ராத்தாவின் வீட்டு மேல்மாடி. ராத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அக்கா. கணவரை இழந்தவர், மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்பவர். மகன் கொழும்பில் வேலைக்குப் போன பிறகு மேல்மாடி சும்மா கிடந்தது. "சும்மா கிடக்கிற ரூம்ல ஒரு பொம்புளப் புள்ள நிம்மதியாத் தூங்கினா எனக்கு நன்மதானே" என்று சாவியைத் தந்துவிட்டார்.

ஒருமுறை, ராத்தா எங்களோடு சேர்வதற்கு முன்பு, நாங்கள் ஒரு பெண்ணுக்குச் சாதாரண எஸ்.எம்.எஸ். அனுப்பி பஸ் நேரம் சொன்னோம். அவள் பஸ்ஸில் ஏறியபோது கணவன் அதே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு மெடம் எதையும் எஸ்.எம்.எஸ்ஸில் எழுத விடவில்லை. செய்திகளை மறையாக்கம் செய்து அனுப்பும் ஒரு செயலியைத் தேடிப் பிடித்து எங்கள் எல்லாருடைய கைத்தொலைபேசியிலும் போட வைத்தார். அதில் எழுதுவதை அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறு யாரும் படிக்க முடியாது. ஒவ்வொரு தொலைபேசியும் தனக்கென்று ஒரு சாவியைச் செய்து வைத்துக்கொள்ளும், அந்தச் சாவி இல்லாமல் செய்தி திறக்காது என்று விளங்கப்படுத்தினார்.

ராத்தாவுக்காகப் புதிதாக ஒரு சிம் வாங்கினோம். அவருடைய சொந்த எண்ணை ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும் என்பதால் இந்த வேலைக்குத் தனி எண் இருக்கட்டும் என்பது மெடத்தின் யோசனை. மகனின் பழைய தொலைபேசியில் அந்த எண்ணால் செயலியைப் பதிந்து, வீட்டு வைஃபையில் இணைத்துக் கொடுத்தோம். அன்று ராத்தாவின் குசினியில் மூன்று பேரும் உட்கார்ந்து, இரண்டு திரைகளிலும் தெரிந்த நீண்ட எண் வரிசையை உரக்க வாசித்து ஒப்பிட்டோம். இரண்டும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று அர்த்தம். ராத்தா ஒவ்வோர் எண்ணுக்கும் "சரி, சரி" என்று தலையாட்டினார். அதே எண்ணை வேறு யாரும் பதியாதபடி பூட்டு எண் ஒன்றும் போடச் சொல்லி செயலி கேட்டது. மறந்துவிடுவோம் என்று பிறகு பார்க்கத் தள்ளிவைத்தோம்.

அந்தச் செயலியில் அவ்வப்போது ஒரு சாம்பல் நிற வரி வரும். இன்னாருடன் உங்கள் பாதுகாப்பு எண் மாறியுள்ளது என்று. முதல் தடவை வந்தபோது நான் பதறினேன். எங்கள் வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் புதுத் தொலைபேசி வாங்கியிருந்தார். அடுத்த தடவை, செயலியை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டிருந்தார் ஒருவர். பிறகு பிறகு அந்த வரி, கடைத்தெருவில் அடிக்கும் ஹோர்ன் சத்தம் போல ஆகிவிட்டது. காதில் விழும், தலை திரும்பாது.

நான் சொல்ல வந்த பெண்ணின் கணவன் நாவுலப் பக்கத்து ஆள், மரக்கறி லொறி ஓட்டுபவன். அவள் தோட்டத்திலிருந்து கல்யாணம் கட்டிப் போனவள். எங்களிடம் வந்தபோது ஒரு காது சரியாகக் கேட்கவில்லை. கையைப் பிடித்தபடி பாலர் பாடசாலை போகும் வயதில் ஒரு மகள். அவளை ராத்தா வீட்டில் விட்ட அந்த வாரமே வழக்கு எடுக்கப்பட இருந்தது.

வழக்குக்கு முதல் நாள் காலை மெடம் சொல்லச் சொல்ல நான் ராத்தாவுக்குச் செய்தி எழுதினேன். ராத்தாவின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் தண்ணீர்க் குழாய்க்கு வெட்டிப் போட்டிருந்ததால் கார் உள்ளே போகாது. நாளைக் காலை ஏழு மணிக்கு அம்மாவும் பிள்ளையும் பள்ளிவாசல் சந்தியில் நிற்கட்டும், மாத்தளை கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று எழுதினேன். அந்தப் பாதையில் பள்ளிவாசல் சந்திகள் பல இருப்பதால் ஊர்ப் பெயரையும் சேர்த்தேன்.

அனுப்பும்போது அந்தச் சாம்பல் வரி வந்தது. ராத்தாவின் ரோசாப்பூப் படம் இருந்த இடத்தில் வெறும் வட்டம்.

"மெடம், ராத்தாவோட பாதுகாப்பு நம்பர் மாறியிருக்குன்னு காட்டுது."

மெடம் வழக்குப் பத்திரங்களிலிருந்து தலை நிமிரவில்லை. "மகன் புது ஃபோன் ஏதும் வாங்கிக் குடுத்திருப்பார். தட்டிப்போட்டு அனுப்பும் பிள்ளை."

தட்டினேன். செய்தி போனது. சற்று நேரத்தில் பதிலாக ஒரு கட்டைவிரல் படம் வந்தது. அதற்குமேல் நான் அதைப் பற்றி நினைக்கவில்லை.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்தா கையில் சந்தைப் பையோடு அலுவலகத்துக்குள் வந்தார். நகரத்துக்கு மிளகு கொடுக்க வந்தவர், அப்படியே எட்டிப் பார்த்திருக்கிறார்.

"என்ன மகள், நாளைக்கு எத்தன மணிக்கு வாரீங்க? ஒண்டுமே செல்லல்லயே" என்றார்.

"காலையிலேயே அனுப்புனேனே ராத்தா. நீங்களும் கட்டவிரல் போட்டீங்களே."

"எந்தக் கட்டவிரல்?"

மெடத்தின் பேனா நின்றது.

"எனக்கு ஒரு மெசேஜும் வரல்ல மகள். அந்த போன் நேத்தேலிருந்து என்னமோ இங்கிலீஷ்ல எழுதிக் காட்டுது. வைஃபை பழுதாக்கும் எண்டு ஈந்தேன்."

"அந்த சிம் எங்க ராத்தா?" மெடம் மெதுவாகக் கேட்டார்.

"பத்திரமா ஈக்கி. கழட்டி, பொலித்தீன்ல சுத்தி, சீனி டின்னுக்குள்ள வெச்சீக்கன்."

"கடைசியா எப்ப ரீலோட் போட்டனீங்கள்?"

"ரீலோட்டா? அதுல நான் பேசுறதே இல்லயே மெடம். அதால யாருக்கும் பேச வேணாம் எண்டு நீங்கதானே செல்லீந்தீங்க."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. பணம் போடாமல் மாதக்கணக்கில் கிடந்த எண்ணை நிறுவனம் திரும்ப எடுத்து வேறு யாருக்கோ விற்றிருக்கிறது. ராத்தா டின்னுக்குள் பூட்டி வைத்திருந்தது வெறும் பிளாஸ்டிக் துண்டு. எண்ணை வாங்கியவர் அதே செயலியைப் போட்டிருக்கிறார். செயலி அவருக்குப் புதுச் சாவி செய்து கொடுத்துவிட்டு, எங்களுக்கும் ஒழுங்காக அறிவித்திருக்கிறது. எங்கள் செய்தி நடுவில் யாரும் படிக்காதபடி மிகப் பாதுகாப்பாகப் பூட்டப்பட்டு, ஓர் அந்நியரின் கையில் போய்ச் சேர்ந்திருந்தது.

"யா அல்லாஹ்" என்று ராத்தா கதிரையில் இருந்தார். உடனே எழும்பினார். "அந்தப் புள்ள வீட்ட தனிய ஈக்கி!"

அவளிடம் தொலைபேசி இல்லை. கொடுக்க வேண்டாம் என்று நாங்கள்தான் முடிவு செய்திருந்தோம்.

"அந்த நம்பருக்கு எடுத்துப் பாப்பமா மெடம்?" என்று கேட்டேன்.

"வேண்டாம். ஆர் எண்டு தெரியாது. புருஷன்ர கைக்கு எப்பிடியும் போயிருந்தா, நாங்கள் பிடிச்சிட்டம் எண்டு விளங்கிப் போயிடும். முதல்ல ரெண்டு பேரையும் அங்கயிருந்து எடுப்பம்."

மெடத்தின் சிறிய காரில் ஏறினோம். அந்தப் பாதையில் நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அன்று எதிரே வந்த ஒவ்வொரு லொறியையும் பார்த்தேன். அவனுடைய லொறியின் நிறம்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓட்டுநர்களின் முகத்தைப் பார்த்தேன், பின்னால் ஏற்றியிருந்த சாக்குகளைப் பார்த்தேன். ராத்தா பின் ஆசனத்தில் வாய்க்குள் ஓதிக்கொண்டே வந்தார்.

சந்தியில் காரை விட்டுவிட்டு, வெட்டிப் போட்டிருந்த ஒழுங்கையில் மண்மேடுகளைத் தாண்டி ஓடினோம். கதவு திறந்திருந்தது. ராத்தா கூப்பிட்டார். பதில் இல்லை. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது மொட்டை மாடியிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். மிளகு காயப் போட்டிருந்ததைக் கிளறிக்கொண்டிருந்திருக்கிறாள். நாங்கள் நின்றது அவளுடைய கேளாத காதின் பக்கம்.

விஷயத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை.

"பதில் என்ன வந்திச்சிங்க மிஸ்?"

"ஒண்ணும் எழுதல்ல. கட்டவிரல் மட்டும்."

அவள் படியில் உட்கார்ந்தாள். "அவருதாங்க மிஸ். அவரு எழுத மாட்டாரு. எது அனுப்புனாலும் கட்டவிரல்தான் போடுவாரு."

உலகத்தில் எல்லாரும்தான் கட்டைவிரல் போடுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. எனக்கும் அந்த நிமிடத்தில் அது அவனுடைய விரலாகவே தெரிந்தது.

இருந்ததை ஒரு பையில் அடைத்தோம். தூக்கத்திலிருந்து எழுப்பிய பிள்ளை காலுக்குப் போடும் சப்பாத்தில் ஒன்றைக் காணாமல் வர மறுத்தது. நாலு பெண்கள் குனிந்து கட்டிலுக்கு அடியிலும் மிளகு மூடைகளுக்கு இடையிலும் தேடினோம். தெருவில் ஒரு லொறி நின்று எஞ்சின் அணைந்த சத்தம் கேட்டது. எல்லாரும் அப்படியே நின்றோம். அது குழாய்க்கு மணல் கொண்டுவந்த லொறி. ஒற்றைச் சப்பாத்தோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம்.

அவர்கள் இருவரையும் மெடம் நகரத்தில் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். நான் ராத்தாவுடன் தங்கினேன். ஏழு மணிக்கு அந்தச் சந்திக்கு யாராவது வருகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்று மெடம் சொன்னார். வந்தால் ஆள் யாரென்று வக்கீலிடம் சொல்லலாம், பொலிஸுக்கும் அறிவிக்கலாம். கீழே இறங்க வேண்டாம் என்று இருவரிடமும் சத்தியம் வாங்கினார்.

மறுநாள் காலை சந்தி தெரியும் மேல்மாடி ஜன்னல் திரைக்குப் பின்னால் நானும் ராத்தாவும் நின்றோம். பாடசாலைப் பிள்ளைகள் போனார்கள். ரொட்டி விற்கும் பாண்காரரின் முச்சக்கர வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு கடந்தது. நாவுலப் பக்கமிருந்து வந்த பஸ் சந்தியில் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. ஒவ்வொரு முகத்தையும் பார்த்து "இவன் ஊர்ப் பொடியன், இவன் மரைக்கார்ர மருமகன்" என்று ராத்தா தள்ளிக்கொண்டே வந்தார்.

பிறகு ஒரு சிவப்பு முச்சக்கர வண்டி வந்து பள்ளிவாசல் மதில் ஓரமாக நின்றது. நடுத்தர வயது ஆள் ஒருவர் இறங்கினார். இரண்டு பக்கமும் பார்த்தார். தொலைபேசியை எடுத்து ஏதோ தட்டினார்.

என் கையிலிருந்த தொலைபேசி அதிர்ந்தது. ராத்தாவிடமிருந்து செய்தி வந்திருப்பதாகத் திரை காட்டியது. 'வந்துட்டேன்' என்று இருந்தது.

ராத்தா என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். திரையை அவரிடம் காட்டினேன். "இது நான் இல்ல மகள்" என்றார், நான் சந்தேகப்பட்டுவிட்டேன் என்பதுபோல.

"இவனா புருஷன்?"

"இல்ல ராத்தா. கல்யாண ஃபோட்டோ பாத்திருக்கேன். அவன் இல்ல. அவன் அனுப்பின ஆளா இருக்கும்."

ராத்தா முக்காட்டை இழுத்துப் போட்டார். "மெடத்துக்கு சத்தியம் பண்ணினது உண்மதான். ஆனா இது என்ட சந்தி. யாரோ ஒருத்தன் வந்து நிண்டா நான் கேக்காம வேற யாரு கேக்கிற?" அவர் இறங்கிப் போக, நானும் பின்னால் போனேன்.

"யாரத் தேடுறீங்க தம்பி?"

அந்த ஆள் எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "நீங்கதானாங்க? கோட்டுக்குப் போகணும்னு மெசேஜ் போட்டிருந்தீங்க. அம்மாவும் புள்ளையும்னு சொன்னீங்களே, புள்ள எங்கங்க?"

நீங்கள் யார் என்று ராத்தா கேட்டார். அவர் எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்தார். சீகிரியாவில் ஹோட்டல்களுக்கு ஹயர், அதாவது வாடகைச் சவாரி, ஓடுகிறவர். அங்கே எல்லா ஹயரும் செய்தியாகத்தான் வரும். பழைய தொலைபேசி தண்ணீரில் விழுந்ததால் புது எண் வாங்கி, எங்கள் செய்தி வருவதற்கு முதல் நாள்தான் செயலியைப் போட்டிருக்கிறார். போட்ட கையோடு வந்த முதல் செய்தி எங்களுடையது. ஹோட்டல்காரர் யாரோ எண்ணைக் கொடுத்திருப்பார் என்று நினைத்துவிட்டார்.

"ஹயர்னு நெனச்சி, விடியக் காலையிலயே கெளம்பி வந்தேங்க. என்னைய என்னன்னு நெனச்சீங்க?"

நாங்கள் என்ன நினைத்தோம் என்பதை முழுவதுமாகச் சொல்லவும் முடியாது, சொல்லாமல் அனுப்பவும் முடியாது. ஒரு பெண்ணின் பாதுகாப்பு விஷயம், தவறாக உங்களுக்கு வந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் வெளிறியது. நாங்கள் கேட்பதற்கு முன்பே செய்தியை எங்கள் கண்முன் அழித்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

"ஒண்ணு சொல்லணும் மிஸ். தூரமா ஹயர் போனா எங்க போறேன்னு வீட்டுக்கு மெசேஜ அப்படியே அனுப்பிருவேன். நேத்தே அனுப்பிட்டேங்க."

"வீடு எங்க?"

"நாவுலங்க."

ராத்தா என் கையைப் பிடித்தார். அந்தக் கணவனின் ஊர். லொறி நிற்கும் சந்தையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஊர்ப் பெயரும் கோர்ட்டும் அம்மாவும் பிள்ளையும் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பியிருந்தோம். ஒருநாளில் தானாக அழிந்துவிடும்படி நாங்கள் வைத்திருந்த ஏற்பாடு, அதை இன்னொருவருக்கு அனுப்பிவிட்டால் எதற்கு உதவும்?

அவரையே வீட்டுக்கு எடுக்கச் சொல்லித் தொலைபேசியை வாங்கினேன். மறுமுனையில் அவருடைய மனைவி. நான் யார் என்று சொல்லத் தொடங்கும்போதே குறுக்கிட்டாள்.

"நீங்க பயப்புடாதீங்க மிஸ். நான் பாத்ததும் அழிச்சிட்டேன். கோட்டு, அம்மா, புள்ள, காலங்காத்தால சந்தியில நில்லுன்னு எழுதியிருந்தா அது ஹயரா? அவருக்குத்தான் வெளங்கல்ல. போகாதீங்கன்னு சொல்றதுக்கு எடுத்தேன், லைன் கெடைக்கல்ல."

"வேற யாருக்காச்சும்..."

"யாருகிட்டயும் சொல்லல்லங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அது யாருன்னு நான் கேக்கல்ல. நீங்களும் சொல்லாதீங்க."

அந்தக் கடைசி வார்த்தைகளை நான் எப்படி எடுத்துக்கொள்வது? தெரிந்து வைத்துக்கொண்டு சொல்கிறாளா, தெரியாமலேயே பெண்ணுக்குப் பெண் சொல்கிறாளா? நம்புவதைத் தவிர எங்களுக்கு வழி இருக்கவில்லை. நம்பினேன் என்றும் சொல்ல முடியாது. மாத்தளைக்கு அந்தச் சிவப்பு வண்டியிலேயே போனேன். வழி நெடுகத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே போனேன்.

நீதிமன்றத்துக்குக் கணவன் வந்திருந்தான். சலவைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அவள் என்னோடு ஒட்டி நின்றாள். அவன் எங்கள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, எங்கே தங்கியிருக்கிறாள் என்று தன் வக்கீல் மூலம் கேட்க வைத்தான். அந்தக் கேள்வியிலேயே எனக்கு விளங்கியது. அவனுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டான். நீதவான் பாதுகாப்புக் கட்டளை கொடுத்தார். வெளியே வந்ததும் அவள் மெடத்தின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மெடம் அவளுடைய கேட்கும் காதில், "முடிஞ்சுது பிள்ளை, முடிஞ்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவளும் மகளும் வேறு மாவட்டத்தில் இருக்கிறார்கள். எங்கே என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்று நாங்கள் பேசி முடிவெடுத்தோம்.

ராத்தா தொடர்ந்து எங்களோடுதான் இருக்கிறார். அவருக்கு வேறு எண் வாங்கி, பூட்டு எண்ணும் போட்டாயிற்று. அந்தச் சாம்பல் வரி யார் பெயரில் வந்தாலும் நேரில் போய் எண் வரிசையை வாசித்துப் பார்க்காமல் மெடம் ஓர் எழுத்தும் எழுத விடுவதில்லை. வக்கீல் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொள்ளட்டும்.

ஆனால் பழைய எண் எங்களுக்கு மட்டும் தெரிந்த எண்ணல்ல என்பது சில வாரங்கள் கழித்துத்தான் விளங்கியது. ராத்தாவின் மேல்மாடியில் தங்கிப் போன பெண்கள் ஒவ்வொருவருக்கும், ஏதாவது என்றால் இதற்கு எழுது என்று அந்த எண்ணைத்தான் கொடுத்து அனுப்பியிருந்தோம். முடிந்தவரை தேடிப் பிடித்துப் புது எண்ணைச் சொன்னோம். பழைய எண்ணுக்கு ஏதாவது வந்தால் சொல்லும்படி முச்சக்கர வண்டிக்காரருக்கு அலுவலக எண்ணைக் கொடுத்தோம். சிலர் வெளிநாடு போய்விட்டார்கள். சிலர் கணவனிடமே திரும்பிப் போய்விட்டார்கள், அவர்களுக்கு நாங்களாக எழுதக்கூடாது.

போன வாரம் அலுவலகத் தொலைபேசி அடித்தது. நாவுலவிலிருந்து அந்த முச்சக்கர வண்டிக்காரரின் மனைவி.

"மிஸ், இவரு ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கு. ராத்தா, நான் திரும்ப வரலாமான்னு மட்டும் எழுதியிருக்கு. பேரு போடல்ல."

"என்ன பதில் போட்டீங்க?"

"போடல்லங்க மிஸ். என்ன போடணும்னு சொல்லுங்க. அந்தப் பக்கம் யாரு கையில ஃபோன் இருக்கோ தெரியாதே."

மெடத்தைப் பார்த்தேன். அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றார். எழுதியது அந்தப் பெண்தானா, அவளுடைய தொலைபேசியை வைத்திருக்கும் ஒருவனா என்று கண்டுபிடிக்க என்ன கேட்கலாம் என்று இருவரும் யோசிக்கத் தொடங்கினோம். மறுமுனையில் அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.